மஞ்சளாகி மங்கிய ஹெட்லைட்: தேய்ப்பது பாதி வேலை, மேல்பூச்சு மீதி வேலை

கேள்வி இதுதான்: ஏழெட்டு வருடம் ஓடிய காரின் ஹெட்லைட் இரண்டும் மஞ்சளடித்து மங்கிவிட்டன. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்ததில் பளிச்சென்று ஆனது. இரண்டே மாதத்தில் பழையபடி மங்கிவிட்டது. வீட்டிலேயே நிலைக்கும்படி சரிசெய்ய முடியுமா? முடியும் என்றால் எந்த நம்பர் தேய்ப்புப் பேப்பரில் தொடங்குவது?

தாராளமாக முடியும். இரண்டு விளக்குக்கும் சேர்த்துத் தேய்க்க இரண்டரை மூன்று மணி நேரம், பூச்சு காய ஒரு நாள். ஆனால் டூத்பேஸ்ட் ஏன் இரண்டு மாதத்தில் கைவிட்டது என்பது புரிந்தால்தான் இந்த வேலையில் எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கவே கூடாது என்பது பிடிபடும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

இன்றைய கார்களில் ஹெட்லைட்டின் முன்பக்கம் இருப்பது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். 1980-களில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியின் இடத்தை இது பிடித்துக்கொண்டது. கல் தெறித்தால் உடையாது, எடை குறைவு, எந்த வளைவிலும் வார்க்கலாம். ஆனால் இரண்டு பலவீனங்கள் உண்டு: எளிதில் கீறல் விழும், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். இந்த இரண்டையும் மறைக்கத்தான் ஆலையிலேயே லென்ஸின் மேல் கெட்டியான, நிறமற்ற ஒரு பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். தலைமுடியின் பருமனில் சிறு பங்குதான் இருக்கும். கண்ணுக்கே தெரியாது. லென்ஸைக் காப்பது முழுக்க முழுக்க அந்தப் பூச்சுதான்.

வெயில், மணல் தெறிப்பு, காரமான சோப்பு எல்லாம் சேர்ந்து சில வருடங்களில் அந்தப் பூச்சைக் கொன்றுவிடும். வானத்தைப் பார்த்திருக்கும் மேல்விளிம்புதான் முதலில் போகும். பம்பரை ஒட்டிய கீழ்ப்பகுதி பல நேரம் தெளிவாகவே இருக்கும். கார் தினமும் ஒரே திசையில் நிற்குமானால், வெயில் படும் பக்கத்து விளக்கு மற்றதைவிட ஒரு படி மோசமாக இருக்கும். பூச்சு போன இடத்தில் பாலிகார்பனேட் நேரடியாக வெயிலில் வேகத் தொடங்குகிறது. அந்த மஞ்சள் அதன் மேற்தோலில் மட்டும்தான் இருக்கிறது. லென்ஸின் தடிமன் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். கெட்டுப்போனது அதில் மிகச் சொற்பம். அதனால்தான் தேய்த்து எடுக்க முடிகிறது.

டூத்பேஸ்டில் இருப்பது நுண்ணிய தேய்ப்புத் துகள். மங்கலை மேலாக வழித்தெடுக்கும், கண்ணுக்குப் பளபளக்கும். செத்த பூச்சை முழுதாக எடுக்காது, புதுப் பூச்சும் தராது. ஏற்கெனவே அரைகுறையாக இருந்த பாதுகாப்பில் இன்னும் கொஞ்சத்தையும் எடுத்துவிட்டு லென்ஸை வெயிலில் நிறுத்துகிறது. துருநீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பவர்கள், கீறல்களை எண்ணெயால் நிரப்புகிறார்கள், அவ்வளவுதான். ஒரு மழையில் போய்விடும். கொசுவிரட்டி ஸ்ப்ரே அடித்துத் துடைக்கும் வித்தை இவை எல்லாவற்றையும்விடக் கெடுதல். அதில் உள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்து இளக்குகிறது. இளகிய பரப்பு சில நாள் தெளிவாகத் தெரியும். பிறகு பிசுபிசுத்து, நுண்வெடிப்பு விட்டு, முன்பைவிட மோசமாகும்.

பேப்பரைக் கையில் எடுக்கும் முன் ஒரு சோதனை. விளக்கைக் கழுவி, துடைத்து, உலர்ந்த நிலையில் பாருங்கள். பிறகு அதன்மேல் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். நனைந்ததும் மங்கல் மறைந்து உள்ளே இருக்கும் பல்பும் ரிஃப்ளெக்டரும் தெளிவாகத் தெரிந்தால், கெட்டது வெளிப்பரப்பு மட்டுமே. தேய்த்தால் நிச்சயம் சரியாகும். நனைந்த பிறகும் மங்கலாகவே இருந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். மஞ்சள் ஆழமாக இறங்கியிருக்கலாம். அதையும் தேய்த்து எடுக்கலாம், நேரம் கூடும். உள்பக்கம் ஆவி படிந்திருக்கலாம். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயன் இல்லை. அல்லது லென்ஸுக்குள்ளேயே சிலந்திவலை போல நுண்வெடிப்புகள் ஓடியிருக்கலாம். இருட்டில் விளக்கை எரியவிட்டுப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்த வெடிப்புகள் மின்னும். விரல் நகத்துக்குத் தட்டுப்படாமல், உள்ளே மட்டும் மின்னினால் அவை ஆழமானவை. தேய்த்து எடுக்க நினைக்காதீர்கள். அந்த விளக்கை மாற்றத்தான் வேண்டும்.

பழைய கார் என்றால் விரலால் தட்டியும் பாருங்கள். கண்ணாடி லென்ஸாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும், தொட்டால் சில்லென்று இருக்கும். கீழே சொல்லும் முறை கண்ணாடிக்குப் பொருந்தாது.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் 400, 600, 1000, 1500, 2000, 3000 நம்பர்களில், விளக்கு ஒன்றுக்கு ஒவ்வொன்றிலும் அரைத் தாள். நம்பர் ஏற ஏறப் பேப்பரின் சொரசொரப்பு குறையும். மரவேலைக்கு விற்கும் உலர் உப்புத்தாள் வேண்டாம், நனைந்ததும் பிய்ந்துவிடும். பேப்பரைச் சுற்றிப் பிடிக்க உள்ளங்கையில் அடங்கும் மிருதுவான ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று. ஸ்ப்ரே பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர், அதில் கார் ஷாம்பு நான்கைந்து சொட்டு. மாஸ்கிங் டேப், நாலைந்து சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, ஐசோபுரோபைல் ஆல்கஹால், பளபளப்பாக்கும் பசையான பாலிஷிங் காம்பவுண்ட். இத்தனைக்கும் மேலாக, கடைசியில் போடும் புற ஊதாத் தடுப்புப் பூச்சு. அது கையில் இல்லாமல் தேய்க்கவே தொடங்காதீர்கள். பூச்சு இல்லாமல் விடுவதாக இருந்தால், இருக்கும் அரைகுறைப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டு இன்னும் வேகமாக மஞ்சளாக வழிசெய்கிறீர்கள் என்று பொருள்.

காரை நிழலில் நிறுத்தி, லென்ஸ் கை பொறுக்கும் அளவுக்குக் குளிர்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். நன்றாகக் கழுவுங்கள், இடுக்கில் ஒரு மணல் துகள் தங்கினால் போதும், பேப்பருக்கு அடியில் சிக்கி நீளமாக ஒரு கோடு இழுத்துவிடும். பானெட்டைத் திறந்துவைத்தால் மேல்விளிம்பு கைக்கு எட்டும். சுற்றியுள்ள பெயின்ட் ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். ஒரு அடுக்கு போதாது. 400 நம்பர் பேப்பர் ஈரமான டேப்பை இரண்டு இழுப்பில் கிழித்துவிடும், அடுத்த இழுப்பு பெயின்டில் விழும். பம்பரைக் கழற்றி விளக்கை வெளியே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் மாட்டும்போது விளக்கின் கோணத்தைத் திரும்பச் சரிபார்க்க வேண்டிவரும்.

எந்த நம்பரில் தொடங்குவது? பூச்சு தோலுரிந்து திட்டுத்திட்டாக நின்றாலோ, தொட்டால் சொரசொரவென்று இருந்தாலோ 400. மஞ்சள் இருக்கிறது, பரப்பு வழவழப்பாகத்தான் இருக்கிறது என்றால் 600. லேசான மங்கல் என்பதால் நேராக 2000-த்தில் தொடங்குபவர்கள் பலர். 2000 அந்தப் பூச்சை அறுக்காது; அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு மணி நேரம் தேய்த்தும் மஞ்சள் அப்படியே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வேலையின் உயிர்நாடி இந்த முதல் பேப்பர். பேப்பரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள். லென்ஸை நனைத்து, ஸ்பாஞ்சில் சுற்றிய பேப்பரை இடவலமாக நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். நேர்க்கோட்டில் தேய்த்தால்தான் முந்தின கீறல் போயிற்றா இல்லையா என்பதை அடுத்த கட்டத்தில் அடையாளம் காண முடியும். அழுத்தம் மிதமாக இருக்கட்டும். அறுப்பது பேப்பரின் வேலை. விரல் நுனியால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் பள்ளமாகும்.

வழிந்து வரும் நீரைக் கவனியுங்கள். தொடக்கத்தில் அது மஞ்சள் கலங்கலாக, சற்றுப் பிசுக்கென்று வரும். அது கரைந்து வரும் பழைய பூச்சும் மஞ்சளித்த மேற்தோலும். தேய்க்கத் தேய்க்கக் கலங்கல் வெளுத்துச் சுத்தமான பால் வெள்ளையாகும். வெள்ளையாகிவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். தண்ணீரைத் துடைத்து லென்ஸை முற்றிலும் உலரவைத்து, டார்ச் ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஈரத்தில் எல்லாம் சீராகத்தான் தெரியும். உண்மை உலர்ந்த பிறகே தெரியும். பழைய பூச்சு எங்கேனும் மிச்சம் இருந்தால் வரைபடத்தில் தீவுகள் போல விளிம்புக் கோடுகள் தென்படும். தீவுக்குள் பளபளப்பு, சுற்றிலும் சொரசொரப்பு. அந்தத் தீவுகள் அத்தனையும் மறைந்து, லென்ஸ் முழுவதும் உறைபனி படிந்தது போல ஒரே சீரான வெண்மையாக வேண்டும். பெரும்பாலும் மிச்சம் நிற்பது மேல்விளிம்பிலும் பக்க மூலைகளிலும். அங்கே ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுப் பேப்பரை மடித்து விரலோடு சேர்த்துப் பிடித்து முடியுங்கள்.

இந்தக் கட்டத்துக்கு ஒரு விளக்குக்கு 15 முதல் 25 நிமிடம் ஆகலாம். மொத்த உழைப்பில் பாதி இங்கேதான். லென்ஸ் முழுக்க வெளுத்துப்போய் விளக்கே கெட்டுவிட்டது போலத் தெரியும். பயந்துபோய் இங்கே கையை எடுப்பவர்கள் உண்டு. அந்த வெண்மை வெறும் கீறல். தண்ணீர் தெளித்தால் அந்தக் கணமே தெளிந்து காட்டும். லென்ஸின் ஓரத்தில் புடைப்பாக அச்சிட்ட எழுத்துகளும் குறிகளும் இருந்தால் அவற்றைச் சுற்றித் தேய்த்தால் போதும், மேலேறித் தேய்க்க வேண்டாம்.

அடுத்து 600, பிறகு 1000, 1500, 2000. ஒவ்வொரு நம்பர் மாறும்போதும் திசையை மாற்றுங்கள்: 400 இடவலமாக என்றால் 600 மேல்கீழாக, 1000 மறுபடி இடவலமாக. முந்தின திசைக் கீறல் ஒன்றுகூட உலர்ந்த பரப்பில் தெரியாதபோதுதான் அடுத்த நம்பருக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் போதும். நம்பர் மாறும்போதெல்லாம் லென்ஸ், ஸ்பாஞ்சு, கை மூன்றையும் கழுவுங்கள். வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். 400-இன் துகள் ஒன்று 2000-த்தின் அடியில் மாட்டினால் அது போடும் கோட்டை 2000 எடுக்காது. 600-க்குத் திரும்பத்தான் நேரிடும்.

நம்பரைத் தாண்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை தாண்டலாம்: 600-லிருந்து 1000, 1000-லிருந்து 2000. 400-லிருந்து நேரே 2000-க்குத் தாவினால் மேடுகள் மட்டும் வழவழப்பாகும், பள்ளங்கள் அப்படியே நிற்கும். பகலில் லென்ஸ் தெளிவாகத்தான் தோன்றும். இரவில் பல்ப் எரியும்போது ஆயிரம் கோடுகள் மின்னும்.

ட்ரில்லில் பேட் மாட்டித் தேய்க்கலாமா என்றால், முதல் இரண்டு நம்பர்களுக்குத் தாராளமாக. 3 அங்குல மென்மையான பேட், நிமிடத்துக்கு 1,000 முதல் 1,500 சுற்று, இடைவிடாத ஈரம். ஒரே இடத்தில் பேடை நிறுத்தினால் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் இளகி இழுபட்டு, வெண்ணெயில் விரல் வைத்தது போன்ற தடம் விழும். அதை எடுப்பது பெரும்பாடு. அவ்வப்போது புறங்கையை லென்ஸில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் ஆறவிடுங்கள். மூலைகளில் மெஷினைக் கொண்டுபோகவே வேண்டாம்.

எந்த நம்பரில் நிறுத்துவது என்பது அடுத்துப் போடப்போகும் பூச்சைப் பொறுத்தது. பலர் கண்ணாடி போலப் பாலிஷ் செய்துவிட்டு அதன்மேல் கிளியர் எனப்படும் நிறமற்ற பூச்சை ஸ்ப்ரே அடிக்கிறார்கள். ஆறே மாதத்தில் தோலுரிகிறது. ஸ்ப்ரே கிளியருக்குப் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும். அதன் கீறலை அந்தக் கிளியரே நிரப்பித் தெளியவைத்துவிடும். தண்ணீர் தெளித்தபோது மங்கல் மறைந்ததே, அதே கணக்குதான்.

நீடித்து உழைப்பது 2கே கிளியர், அதாவது ஹார்டனர் கலந்ததும் வேதிவினையால் இறுகும் இரண்டு பாகப் பூச்சு. டப்பாவின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் கலக்கும் ஸ்ப்ரே வகையும் கிடைக்கிறது. அழுத்திய பிறகு இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். அதன்பின் டப்பாவில் குறித்த நேரத்துக்குள் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். மீந்ததை அடுத்த மாதத்துக்கு வைத்திருக்க முடியாது, உள்ளேயே இறுகிவிடும். இதற்கு 1000 நம்பரோடு தேய்ப்பை நிறுத்துங்கள். காம்பவுண்ட் போடாதீர்கள், அதன் எண்ணெய் பற்றுதலைக் கெடுக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு முறை துடையுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் துணியில். ஆல்கஹால் ஈரமாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் லென்ஸைக் கூர்ந்து பாருங்கள். அப்போது தெரியும் தெளிவுதான் கிளியர் அடித்த பிறகு கிடைக்கப்போகும் தெளிவு. அந்த ஈரத்திலும் ஒரு கோடோ திட்டோ தெரிந்தால் கிளியருக்குப் பிறகும் தெரியும். இப்போதே திரும்பிப் போய்ச் சரிசெய்யுங்கள்.

அடிக்கும்போது 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி நின்று, முதல் பூச்சை மூடுபனி போல மெல்லத் தூவுங்கள். முதல் பூச்சிலேயே ஈரம் சொட்ட அடித்தால் அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்குள் இறங்கி நுண்வெடிப்பு உண்டாக்கும். பத்து நிமிடம் விட்டு, லென்ஸுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி ஒரே வேகத்தில் முழுப் பூச்சு ஒன்று. இன்னொரு பத்து நிமிடம் கழித்து மற்றொன்று. கடைசிப் பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் டேப்பை உரித்துவிடுங்கள். முழுதாகக் காய்ந்தபின் உரித்தால் ஓரத்தில் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும். சுற்றுவெப்பம் 15 முதல் 30 டிகிரி செல்சியஸ், காற்றில் ஈரப்பதம் குறைந்த வேளை, தூசியும் பூச்சியும் பறக்காத இடம். மழை வரும் அறிகுறி இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

2கே கிளியரில் ஐசோசயனேட் உண்டு. நுரையீரலுக்கு மிகக் கெடுதல். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறு அளவு சுவாசித்தாலும் மூச்சுத்திணறும். மூக்கில் கட்டும் துணியும் தூசி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. கரைப்பான் ஆவிக்கென்றே உள்ள வடிகட்டி கேட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க், கையுறை, கண் கவசம், காற்றோட்டமான திறந்த இடம் நான்கும் வேண்டும். இவை இல்லையென்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். மற்ற வழிகளும் நன்றாகவே வேலை செய்யும்.

முதல் தடவை செய்பவர்களுக்கு, துணியில் நனைத்துத் துடைக்கும் ஹெட்லைட் பூச்சையே பரிந்துரைப்பேன். 2000 அல்லது 3000 நம்பர் வரை தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, பஞ்சு உதிராத துணியில் பூச்சை எடுத்து மேலிருந்து கீழாக, ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறும்படி வரிசையாக இழுங்கள். போன இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. ஒரு நிமிடத்திலேயே பிசின் போல இழுக்கத் தொடங்கிவிடும். விடுபட்ட இடத்தைச் சரிசெய்யப் போனால் கோடு விழும். விடுபட்டது விடுபட்டதாகவே இருக்கட்டும், இரண்டாம் பூச்சில் மூடிவிடலாம். எந்த நம்பரில் நிறுத்த வேண்டும், இரண்டு பூச்சுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டப்பாவில் உள்ளதே கணக்கு.

மூன்றாவது வழி, பெயின்டைக் காக்க ஒட்டும் நிறமற்ற பாலியூரித்தேன் ஃபிலிம். 150 முதல் 200 மைக்ரான் தடிமன் என்பதால் கல் தெறிப்பையும் தாங்கும். பிற்காலத்தில் மஞ்சளானால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம், மறுபடி தேய்க்க வேண்டியதில்லை. இதற்கு மட்டும் லென்ஸை 3000 வரை தேய்த்து, பிறகு ஃபோம் பேடில் காம்பவுண்ட் இட்டு முழுப் பளபளப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஃபிலிம் எந்தக் கீறலையும் மறைக்காது. சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளி வெளியேற்றுங்கள். இரட்டை வளைவுள்ள லென்ஸில் ஓரச் சுருக்கம் எடுப்பது கொஞ்சம் பழகினால்தான் வரும். நிறமுள்ள ஃபிலிம் வேண்டாம். ஒளியைக் குறைக்கும், பல நாடுகளில் சட்டவிரோதமும்கூட.

மரச்சாமான்களுக்கு அடிக்கும் ஸ்பார் யூரித்தேன் வார்னிஷை மினரல் ஸ்பிரிட்டோடு சம அளவு கலந்து துடைப்பதும் பரவலான முறை. புற ஊதாத் தடுப்பு அதில் இருப்பதால் வேலை செய்யும். ஆனால் அந்த வார்னிஷே இளம் பழுப்பு நிறம். தடிமனாகப் போட்டால் தொடக்கத்திலேயே மஞ்சள் சாயல் தெரியும். மெழுகு சில வாரங்களுக்குத்தான். செராமிக் கோட்டிங் மிக மெல்லியது. நல்ல பூச்சின் மேல் போட்டால் கழுவ எளிதாக இருக்கும். தனியாக அதையே நம்பி வெயிலில் விட வேண்டாம்.

எந்தப் பூச்சானாலும் தேய்த்த அன்றே போட்டுவிடுங்கள். முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. 2கே முழுதாக இறுக ஒரு வாரம்வரை ஆகும், அதுவரை ஷாம்பு போட்டுக் கழுவாதீர்கள்.

இனி, சொதப்பல்கள். பூச்சு போட்ட சில நிமிடங்களில் பால் படர்ந்தது போல வெளுத்தால், காற்றின் ஈரம் பூச்சில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வெதுவெதுப்பான இடத்தில் காரை நிறுத்தினால் பல நேரம் தானே தெளியும். தெளியாவிட்டால் எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். பூச்சு சிறு சிறு குழிகளாக விலகி நின்றால் அது சிலிக்கான் எண்ணெயின் வேலை. டேஷ்போர்டு பாலிஷ் தொட்ட கையோ, முன்பு மெழுகு துடைத்த துணியோ அதைக் கொண்டுவந்திருக்கும். வழிந்து இறங்கிய சொட்டு இருந்தால் ஈரத்தில் தொடாதீர்கள். ஒரு வாரம் இறுகவிட்டு 2000-த்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, காம்பவுண்டால் பளபளப்பாக்கலாம். மாதம் சில கழிந்து ஓரத்தில் மட்டும் மஞ்சள் திரும்பினால், முதல் பேப்பரில் அந்த ஓரத்தில் பழைய பூச்சை விட்டுவைத்திருக்கிறீர்கள். தாள் தாளாக உரிந்தால், துடைத்தது போதவில்லை அல்லது பரப்பு அளவுக்கு மீறி வழவழப்பாக இருந்திருக்கிறது.

எந்தக் கட்டத்திலும் தின்னர், அசிட்டோன், பெட்ரோல், பிரேக் ஆயில் ஆகியவை லென்ஸில் படவே கூடாது. பாலிகார்பனேட் வார்க்கும்போதே உள்ளுக்குள் இழுவிசையோடு இறுகிய பொருள். கரைப்பான் பட்டால் அந்த இழுவிசை வெடிப்பாக வெளிப்படும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரையும் பூச்சு இல்லாத லென்ஸில் அடிக்காதீர்கள்.

உள்பக்க ஈரம் தனிக்கதை. மழைக்குப் பிறகு மெல்லிய ஆவி படிந்து, விளக்கை எரியவிட்டதும் மறைந்தால் அது இயல்பு. ஹெட்லைட் காற்றுக்குழாய் வைத்துத்தான் செய்யப்படுகிறது. தண்ணீர் சொட்டாக நின்றால் பின்பக்க ரப்பர் மூடி, காற்றுக்குழாய், லென்ஸ் ஒட்டிய விளிம்பு இவற்றைச் சோதியுங்கள். பல்ப் துளை வழியாகத் துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைக்க முயல வேண்டாம். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பளபளப்பு ஆவியாகப் படியவைத்த அலுமினியம். துணி ஒருமுறை பட்டாலே வழிந்துவிடும், திரும்ப வராது.

எல்லாம் முடிந்து பூச்சு இறுகிய பிறகு, சமதளத்தில் சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி லோ பீம் போட்டுப் பாருங்கள். மங்கிய லென்ஸ் ஒளியைக் குறைப்பதோடு நிற்பதில்லை. சிதறடித்து மேலே தூக்கி எதிரில் வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். அதனால் வெளிச்சத்தின் அளவைவிட, சுவரில் விழும் மேல்விளிம்புக் கோடு கூர்மையாக இருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018-இல் வெளியிட்ட சோதனையில், மங்கிய ஹெட்லைட் புதிய விளக்கு தரும் ஒளியில் 20 சதவீதம் அளவுக்கே தந்தது. தேய்த்துச் சரிசெய்தவை ஏறத்தாழ 70 சதவீதம்வரை மீண்டன. புதிதுக்கு நிகராகாது, ஆனால் இரவில் சாலையோரம் நடப்பவர் கண்ணில் படுவதற்கும் படாமல் போவதற்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் அது.

லென்ஸ் தெளிந்தும் வெளிச்சம் சோர்வாகவே இருந்தால் ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். அளவுக்கு மீறிய வாட் பல்ப் மாட்டிய விளக்குகளில் பல்புக்கு நேர் மேலே அது கருகியோ சாம்பல் பூத்தோ இருக்கும். அதைத் தேய்க்க வழியில்லை, விளக்கை மாற்றுங்கள். மாற்றும்போது, புது விளக்கின் ஆலைப் பூச்சு உயிரோடு இருக்கும் முதல் வாரத்திலேயே அதன்மேல் நிறமற்ற ஃபிலிமை ஒட்டிவிடுங்கள். அப்போது தேய்க்க எதுவும் இருக்காது. கழுவி, ஆல்கஹாலால் துடைத்து ஒட்டினால் போதும்.